கனமான பிளாக் எல்லாம் அஸ்திவாரம் ஆகிவிடாது

“இரண்டடி அகலம், இரண்டடி உயரம், நாலடி நீளமுள்ள கான்கிரீட் பிளாக்குகளைத் தரைமேல் வரிசையாக வைத்தால் போதும், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட வேண்டாம், கம்பி வேண்டாம், நாமே வீடு கட்டிவிடலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆட்டுக் கொட்டகைக்கும் தகர ஷெட்டுக்கும் சரி. அங்கும் காற்று தூக்காதபடி தூணை பிளாக்கோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சுவர் எழுப்பிக் குடியிருக்கும் வீட்டுக்கு இது ஆகாது.

“நாமே” என்பதே முதலில் இடிக்கிறது. அந்த பிளாக் 16 கன அடி. எடை ஒரு டன்னுக்கு மேல். கிரேன் வாடகையைக் கணக்கில் சேர்த்தாரா?

பிளாக் நொறுங்காது, உண்மைதான். அமுங்குவது அடியிலுள்ள மண். தனித்தனியாகக் கிடக்கும் பிளாக்குகளில் ஒன்று அரை அங்குலம் இறங்கினாலே மேலே சுவர் வெடித்துவிடும். கரிசல் மண்ணென்றால் கேட்கவே வேண்டாம்: மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் காடுகளைச் சித்திரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 அஸ்திவாரத்துக்குக் குறைந்தது 50 செ.மீ. ஆழம் கேட்கிறது, கரிசலில் அதுவும் போதாது.

செம்மண்ணில் செலவைக் குறைக்க வேண்டுமா? வானம் தோண்டி, அடியில் ஜல்லிக் கான்கிரீட் போட்டு, இருவர் தூக்கக்கூடிய சாலிட் பிளாக்கில் கட்டி, மேலே கம்பி வைத்த பெல்ட் (சுவரடி நெடுகச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) ஓட்டுங்கள். அந்த பெல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.