அக்சென்ட் மட்டும்தானா ஜோக்?

“இப்பல்லாம் எதைச் சொன்னாலும் கேஸ் போட்டுடுவாங்க, அந்தக் காலத்து காமெடி மாதிரி வருமா” என்று புலம்பும் வீடியோ ஒன்று இந்த வாரம் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ காட்சிகளும். எனக்கு இதில் பாதி உடன்பாடு, பாதி எரிச்சல்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் பிரிட்டனில் வந்த தொடர் அது. லண்டனில் ஒரு மாலை வகுப்பு, வெளிநாட்டுக்காரர்கள் இங்கிலீஷ் படிக்கிறார்கள். சீக்கியர் ரஞ்சித் சிங்காக வந்தவர் இலங்கையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ். பாகிஸ்தானி அலியாக வந்தவர் டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக். நம் பக்கத்து ஆள் என்றால் எந்த ஊராக இருந்தால் என்ன, உச்சரிப்பு உதைத்தால் சரி! நானும் சிரித்திருக்கிறேன், நடிகர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பத்து பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பத்து பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே ஜோக்.

அமெரிக்க கார்ட்டூன் தொடர் ‘சிம்ப்சன்ஸ்’ஸில் வரும் இந்தியக் கடைக்காரன் அபுவின் கதை வேறு. அவனுக்கு டாக்டர் பட்டம் உண்டு, மனைவி மஞ்சுளா உண்டு, எட்டுப் பிள்ளைகள் உண்டு. குரலும் அக்சென்ட்டும் மட்டும் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரருடையது. அமெரிக்க டிவியில் வேறு இந்திய முகமே இல்லாத காலத்தில், பள்ளியில் நம் பிள்ளைகளைக் கேலி செய்ய அந்தக் குரல் ஒன்றே போதுமாக இருந்தது. ஹரி கொண்டபோலு 2017இல் இதை ஆவணப்படமாகவே எடுத்தார். 2020இல் அசாரியா விலகிக்கொண்டார்.

இப்போது உடன்பாடு. அதே 2020 ஜூனில் ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடரின் ஜெர்மானியர் எபிசோடை யூகேடிவி நிறுவனம் தூக்கியது. அதில் இனவெறி வார்த்தை பேசுவது காலாவதியாகிப்போன ஒரு கிழட்டு மேஜர். ஜோக்கே அவர்மேல்தான். சில நாளில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பப் போட்டார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

ஆனால் “நாங்கள் இனவெறியனைத்தானே கிண்டல் செய்கிறோம்” என்பதும் முழு விடை இல்லை. அமெரிக்காவின் ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரில் ஆர்ச்சி பங்கர் வாய்க்கு வந்ததைப் பேசுவார், மருமகன் மைக் விடாமல் மல்லுக்கு நிற்பான். விட்மார், ரோகீச் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: முன்பே துவேஷம் ஊறிய பார்வையாளர்களுக்கு ஆர்ச்சியைத்தான் பிடித்திருந்தது, வாதத்தில் ஜெயிப்பதும் அவர்தான் என்று நினைத்தார்கள். எழுதியவர் ஒன்றை நினைக்க, சோபாவில் இருப்பவர் வேறொன்றுக்குச் சிரிக்கிறார்.

சரி, “கேஸ் போட்டுடுவாங்க” விஷயம். 2021இல் பத்திரிகையாளர் க்வெலானே வழக்கில் நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், மனம் புண்பட்டது என்பது மட்டுமே வெறுப்புப் பேச்சு ஆகாது என்று சட்டத்தின் அந்தப் பகுதியையே நீக்கியது. ஆக, புண்படுத்தும் ஜோக்குக்கு இங்கே நிறையவே இடம் இருக்கிறது. ஆனால் 2002இல் இந்தியர்களைச் சாடிய ஒரு ஜூலு (இங்குள்ள கறுப்பின மக்களின் மொழி) பாட்டை ஒலிபரப்பியது வெறுப்புப் பேச்சு என்று ஒலிபரப்புப் புகார் ஆணையம் சொன்னபோது நம்மவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்!

அந்த நம்மவர்கள்தான், போன வருஷம் டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில், மைக் பிடித்த அங்கிள் வீட்டு வேலை செய்யும் ஜூலு பெண்ணைப் போலக் குரல் மாற்றி “மேடம், மேடம்” என்றபோது மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எங்கள் மேசைக்குப் பிரியாணி கொண்டுவந்த ஜூலு அம்மா, பருப்புக் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்துப் பக்கத்து ஆண்ட்டி, “ஜோக்தானே, விடுப்பா” என்றார். அந்த அம்மா பதிலுக்கு நம் அங்கிளைப் போலப் பேசிக் காட்டியிருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்குமா?

எனக்கு அளவுகோல் இதுதான்: வாரப்பட்டவருக்குத் திருப்பி வாரும் வாய்ப்பு இருக்கிறதா? 90களில் நம் அரசு டிவி எஸ்ஏபிசியில் வந்த ‘சபர்பன் பிளிஸ்’ தொடரில் வெள்ளைக் குடும்பமும் கறுப்புக் குடும்பமும் பக்கத்து வீடு, ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். 2017இல் இங்கே வந்த ‘கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்’ படத்தில் சாட்ஸ்வர்த் அக்சென்ட் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் சிரிப்பு வருவது இரண்டு அம்மாக்களின் வீம்பால். (நம்மை மட்டமாகக் காட்டுகிறது என்று அதற்கும் முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.) சன் டிவியைத் திருப்பினால் இன்னமும் கறுப்பு நிறத்தைக் கிண்டல் செய்யும் பழைய காமெடி ஓடுகிறது, நம் வீட்டுக் கறுத்த பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

யாராவது சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நடக்கும் ஒரு சிட்காம் எழுதுங்கள். பக்கத்து வீட்டு ஜூலு ஆண்ட்டிக்கு நல்ல பஞ்ச் வசனங்களில் பாதியையாவது கொடுங்கள், மைக் பிடிக்கும் அந்த அங்கிளை வாரச் சொல்லுங்கள். முதல் எபிசோடே பார்ப்பேன். மொக்கையாக இருந்தால் இங்கேயே வந்து திட்டவும் செய்வேன்.