ஏழு முழ ரப்பருக்கு ஒரு ஃபிரிட்ஜா?

மூன்று வாரமாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதன் மேல் பத்து கிலோ அரிசிப் பை. ஒரு தயிர்க் கிண்ணம் எடுக்கப் பையை இறக்கி, நாற்காலியை நகர்த்தி, அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். எல்லாம் அந்தக் கதவைச் சுற்றி ஓடும் ரப்பரால். கடைக்காரர் பாஷையில் கேஸ்கெட். பூ மாதிரி முழம் போட்டால் ஏழு முழம் வரும், அவ்வளவுதான்.

கீழ் மூலையில் கிழிந்து, மடிப்புக்குள் கறுப்பாகப் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர் ‘எடுத்துட்டுப் போ’ என்று விட்டுவிட்டது. உள்ளே காந்தப் பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் போர்த்தியிருக்கும் ரப்பர் விறைத்துப்போனால் காந்தம் எதை இழுக்கும்?

அந்த இடுக்கு வழியே ஐப்பசி மாதத்து ஈரக்காற்று மொத்தமும் உள்ளே போகிறது. போன ஈரம் ஃப்ரீசரில் பனியாக உறைகிறது. நேற்று பால் பாக்கெட் ஒன்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. அம்மா தோசைத் திருப்பியை எடுத்துக் குத்தக் கிளம்பிவிட்டார். அந்தச் சுவருக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது, ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜே காலி என்று கத்தி நிறுத்தினேன். கீழ்த்தட்டிலோ முந்தாநாள் அரைத்த மாவு புளித்துப் பொங்கி வழிகிறது. கம்ப்ரசர் ராத்திரி பகல் ஓய்வில்லாமல் உறுமுகிறது. இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மானியக் கணக்கே மாறிவிடும் என்பது யாருக்குத் தெரியாது? ஐந்து நட்சத்திர ஸ்டிக்கருக்கென்று கூடுதலாகப் பணம் கொடுத்தவன் நான்!

சரி, கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆள் வந்தார், கதவைத் திறந்தார், மூடினார். “ரப்பர் தனியா வராது சார், டோரோடதான் மாத்தணும்.” சரி, கதவையே கொடுங்கள் என்றேன். “டோர் ஸ்டாக் இல்ல சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது, போட்டுக் கொடுக்கட்டுமா?” இந்த அரிய யோசனைக்கு விசிட் சார்ஜ் வேறு.

எனக்கு ரத்தம் கொதிக்கிறதே இங்கேதான். வாங்கி ஒன்பது வருஷம். ‘கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி’ என்று அதே கதவில்தான் ஒட்டியிருக்கிறார்கள். பத்து வருஷம் ஓடும் என்று நம்பித்தானே எழுதினீர்கள்? அப்புறம் தேய்கிற ரப்பரைப் பத்து வருஷத்துக்கு வைத்திருக்க என்ன கேடு? சைக்கிளுக்கு பிரேக் கட்டை தேய்ந்தால் சைக்கிளையா மாற்றுகிறோம்?

முடியாத காரியமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு மாடலின் கடைசி ஃபிரிட்ஜ் சந்தைக்கு வந்த பிறகும் பத்து வருஷத்துக்குக் கதவு ரப்பர் கிடைத்தாக வேண்டும். மெக்கானிக்குக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. இணையதளத்தைக் கதவில் ஒட்டினால் காற்று நிற்குமா?

கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு சந்துக் கடை. பெரியவர் கிழிந்த ரப்பரை வாங்கி, மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தார். சுருளிலிருந்து புதுப் பட்டையை வெட்டினார், காந்தத்தைச் செருகினார், நான்கு மூலையையும் சூட்டில் ஒட்டினார். முக்கால் மணி நேரம், 650 ரூபாய். “மடிப்பு விழுந்திருக்கும் தம்பி, வெந்நீர்ல போட்டு எடுத்து மாட்டு” என்றார்.

தங்கையின் ஹேர் டிரையரையும் வாங்கிச் சூடுகாட்டி, கதவின் பள்ளத்தில் விரல் நோக அழுத்தி மாட்டிவிட்டேன். மூன்று பக்கமும் நோட்டைக் கவ்விப் பிடிக்கிறது. கீல் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கல். இரண்டு நாளில் படிந்துவிடும் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து வைத்து, அரிசிப் பையையும் ஏற்றிவிட்டுப் போனார்.