ஓசையும் உவமையும் ஒட்டுவேலையாம்!

ஞாயிற்றுக்கிழமை நடந்த சிறுகதைப் போட்டிக் கூட்டத்தில் நடுவர் பேசியதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சிறுகதையில் ஓசையும் உவமையும் ஒட்டுவேலை, பிய்த்து எறிந்தாலும் கதை நிற்கும் என்றாரே, அதற்குக் கைதட்டல் வேறு! உதாரணத்துக்கு என் கதையிலிருந்து வாசித்துக் காட்டிச் சிரித்தார்: 'அப்பாவின் தறி நின்றது. சுவர்க்கடிகாரம் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் கேட்டது.'

ஐயா, அது ஒட்டுவேலை இல்லை. அதுதான் கதை.

நான் சென்னிமலையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் தறியைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. காதில் வாங்கிக்கொண்டே இருப்போம். நாடா ஓடும் சத்தம், அச்சு அடிக்கும் சத்தம். இழை அறுந்து தறி நின்றால் அடுப்படியில் அம்மாவின் கையும் நிற்கும். மறுபடி ஓடினால்தான் கரண்டி அசையும். கூலி குறையப்போவதை அப்பா சொல்லி அவள் தெரிந்துகொண்டதில்லை. 'குடும்பம் வறுமையில் வாடியது' என்று எழுதியிருந்தால் பரிசு கிடைத்திருக்குமோ என்னவோ.

உன் கதை என்பதால் கொதிக்கிறாய் என்பீர்கள். ஆமாம், வேறு யார் கதைக்குக் கொதிப்பது? சரி, என்னை விடுங்கள். குறுந்தொகை 138, கொல்லன் அழிசி பாடியது. ஐந்தே அடி. ஊர் உறங்குகிறது, பாட்டில் பேசுகிற பெண் உறங்காமல் நொச்சிப்பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். பூ விழுவது கேட்கிறதென்றால் எவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருப்பாள்! இலை மயிலடி போன்றதாம், பூ நீலமணி போன்றதாம். நள்ளிரவில் இலையை எங்கே பார்ப்பது? அந்த மரம் அவளுக்கு மனப்பாடம். நடுவர் பேச்சைக் கேட்டு இதையெல்லாம் பிய்த்துவிட்டால் மிஞ்சுவது: ஊர் தூங்கிற்று, நாங்கள் தூங்கவில்லை, பக்கத்தில் ஒரு மரம். வினை, பயன், மெய், உரு என்று உவமையை நான்கு வகையாகப் பிரித்து, உவமவியல் என்று தனி இயலே எழுதிய தொல்காப்பியருக்கு வேறு வேலை இல்லை போலும்.

வரிக்கு மூன்று 'போல' போடுகிறவர்கள் இருக்கிறார்களே என்கிறார் நண்பர். இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள்.

தாமதமாக வந்த நடுவர் மேடையேறியதும் என்ன சொன்னார்? "மழை சோவென்று கொட்டிவிட்டது." அந்தச் 'சோ'வை யாரும் பிய்த்து எறியவில்லை. அவர் வாயில் வந்தால் பேச்சு. தறிக்காரன் மகன் எழுதினால் ஒட்டுவேலை.

அந்தக் கடிகார வரியை எடுத்துவிட்டால் என் கதையைத் தொகுப்பில் சேர்ப்பதாக அமைப்பாளர் ஒருவர் நேற்று தொலைபேசியில் சொன்னார். எடுக்க மாட்டேன். தொகுப்பு உங்களிடமே இருக்கட்டும்.