பரப்பளவை மட்டும் வைத்து ஏரியை எடைபோடலாமா?

சுவீடனின் பெரிய ஏரிகள் எவை என்று கேட்டால், வேனெர்ன், வெட்டெர்ன், மேலாரென், யெல்மாரென் என்று பரப்பளவு வரிசையில் ஒப்பிப்பதே வழக்கமாக இருக்கிறது. சுமார் 5,650 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் வேனெர்ன் முதலிடத்தில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதைவிடப் பெரிய ஏரி கிடையாது. ஆனால் எந்த ஏரியை எவ்வளவு பத்திரமாகக் காக்க வேண்டும் என்பதை அந்த வரிசை சொல்வதில்லை.

வெட்டெர்னையே எடுத்துக்கொள்வோம். பரப்பில் அது வேனெர்னில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆழமோ 128 மீட்டர் வரை போகிறது. கொள்ளளவோடு ஒப்பிட்டால் அதற்கு வந்து சேரும் ஆறுகள் மிகச் சிறியவை என்பதால், ஏரியின் நீர் முழுவதும் மாறுவதற்குச் சுமார் 60 ஆண்டுகள் ஆகின்றன. வேனெர்னுக்கு ஏறக்குறைய பத்தே ஆண்டுகள் போதும். பனியுக மிச்சமான குளிர்நீர் மீன்கள் வாழும் அளவுக்குத் தெளிந்த அந்த நீரைக் கரையோர நகரங்கள் குடிக்கின்றன. அதில் இன்று கலக்கும் நஞ்சு பேரப்பிள்ளைகள் காலம் வரை தங்கிவிடக்கூடும். அங்கே ராணுவம் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சி நடத்துவதை அப்பகுதி மக்கள் நெடுங்காலமாக எதிர்த்துவருவதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

இன்னொரு விந்தையும் உண்டு. பனிப்பாளங்கள் உருகிய பின் சுவீடனின் நிலம் மெல்ல உயர்கிறது. தெற்கைவிட வடக்கு வேகமாக உயர்கிறது. ஏரியின் வடிகால் வடபாதியில் மூத்தாலா நகரில் இருப்பதால், சாய்த்த தாம்பாளத்து நீரைப் போலத் தென்முனையில் உள்ள யோன்சோப்பிங் கரையில் நீர் சிறிது சிறிதாக ஏறிவருகிறது.

நான்காவதான யெல்மாரெனை விளைநிலத்துக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களே ஏறக்குறைய இரண்டு மீட்டர் தாழ்த்தினார்கள்; அதன் பரப்பளவே ஓரளவு மனிதர் முடிவுசெய்ததுதான்.

மூன்றாவதான மேலாரென் விஷயத்தில்தான் என் கவலை அதிகம். வைக்கிங்குகள் காலத்தில் அது பால்டிக் கடலின் விரிகுடா. நிலம் உயர்ந்த பிறகே கடலிலிருந்து பிரிந்து நன்னீர் ஏரியானது. இன்றும் அதன் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர்கூட உயரமில்லை. ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் சுமார் இருபது லட்சம் பேர் அதன் நீரை நம்பியிருக்கும்போது, கடல்மட்டம் உயர்ந்து உப்புநீர் உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவைக்க முடியாது. நகரின் நடுவே ஸ்லூசன் மதகுகளைப் புதிதாகக் கட்டியிருப்பது முதன்மையாக ஏரியின் வெள்ளத்தை விரைந்து வெளியேற்றுவதற்காகத்தான்; கடல் உள்ளே வராமல் நீண்டகாலத்துக்குத் தடுக்க அவை மட்டும் போதாது.