நேர்கோட்டுக்கு யார் தலைப்பு போடுவார்கள்?

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளைப் பற்றிய செய்தி வந்த அன்று, "வேற்றுக் கிரகத்துல உயிர் இருக்காமே, பாத்தியா?" என்று ஒரே நாளில் நாலு பேர் அனுப்பினார்கள். கூடவே நீலக் கடலும் மேகமுமாக ஒரு படம். அது ஓவியம். 124 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் அந்தக் கோளின் முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் எப்படி அதன் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள்? கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது ஒளி கொஞ்சம் மங்கும். கோளின் விளிம்பில் உள்ள காற்றைத் துளைத்துக்கொண்டும் துளி ஒளி வரும். அங்கே எந்த வாயு இருக்கிறதோ, அது தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். அந்த நிறத்தில் மட்டும் கோள் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரியும். மற்றதெல்லாம் கழித்தல் கணக்கு.

தீயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் குப்பென்று மஞ்சளாகுமே, அது சோடியத்தின் வேலை. அந்த மஞ்சளில்தான் ஹப்பிள் தொலைநோக்கி முதல் புறக்கோள் (வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்) வளிமண்டலத்தைப் பிடித்தது. எச்டி 209458பி என்ற அந்தக் கோள் மறைத்த ஒளியே சுமார் 1.5 சதவீதம்தான். சோடியம் கூடுதலாக விழுங்கியது வெறும் 0.02 சதவீதம்! 2002இல் முடிவு வெளியானது. எனக்கு எந்த வேற்றுலகவாசியை விடவும் இந்த எண்தான் பெரிய அதிசயம்.

இவ்வளவு சின்னக் கழித்தலில் தடுக்கி விழுவதும் சுலபம். நட்சத்திரத்தின் முகத்தில் கரும்புள்ளிகள் இருந்தாலே கணக்கு குழம்பும். கே2-18பியில் 2019இல் நீராவி என்றார்கள். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது அது மீத்தேன் ஆகிவிட்டது. 2025இல் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. பூமியில் அது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களால் வருவது, சரி. ஆனால் உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும் கிடைத்திருக்கிறதே! ஆய்வுக் குழுவே சொன்னது 3 சிக்மா நம்பகம்தான். முடிவு தற்செயலாக வந்ததல்ல என்பதை அளக்கும் அளவுகோல் இந்தச் சிக்மா; எண் கூடினால் நம்பிக்கை கூடும். கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். அதே தரவை அலசிய வேறு சிலருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இதெல்லாம் செய்தியின் கடைசிப் பத்தியில்கூட வராது.

என் ஓட்டு ஜிஜே 1214பி என்ற இன்னொரு கோளுக்கு. அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே கடந்ததை ஹப்பிள் 15 முறை பார்த்தது. எந்த நிறம் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று காட்டும் நிறமாலை வரைபடம் மேடு பள்ளத்தோடு வரவேண்டும்; அது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தது. உயரத்தில் மேகமோ புகைமூட்டமோ எல்லாவற்றையும் மூடியிருக்கிறது என்று 2014இல் அப்படியே எழுதிவிட்டார்கள்.

அந்த நாலு பேரில் ஒருவருக்கு இந்தக் கோட்டை அனுப்பினேன். "இதுல என்ன இருக்கு?" என்றார்.

"மேகம்" என்றேன்.