மனச்சோர்வு இருக்கிறது என்று சொன்னால் ஆபரேஷன் கிடைக்காதா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை என்று பேச்செடுத்தாலே, "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள்" என்று சொல்ல எங்கிருந்தோ ஒருவர் வந்துவிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2016இல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. இந்தச் சிகிச்சையை நாடுவோரில் சுமார் 19 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. 17 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு. இரண்டுமே அமெரிக்கப் பொதுமக்களிடம் இருப்பதைவிட அதிகம்.

அந்தக் கோளாற்றை நாக்கு ருசி என்பவர்கள் என் பெரியம்மா மகளைப் பார்த்ததில்லை. பந்தியில் நாலு பேர் முன்னால் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். வீடு அடங்கியதும் சமையலறை விளக்கைப் போடாமல், ஆறிப்போன சோற்றைப் பாத்திரத்தோடு எடுத்து நின்றபடியே அள்ளித் தின்பார். பசியும் இருக்காது, ருசியும் தெரியாது என்பார். பெரியம்மா கண்ணில் படாமலிருக்கப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பார். அறுவை சிகிச்சைக்கு முன் மனநல ஆலோசகர் கேட்டதற்கு, "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தார். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

மனநலப் பிரச்சினைக்கும் பின்னர் குறையும் எடைக்கும் தெளிவான தொடர்பு இல்லை என்றுதான் அதே ஆய்வு சொல்கிறது. பலருக்கு மனச்சோர்வே தணிகிறது. தீவிரமாக இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்காகக் கதவை அடைக்க வேண்டியதில்லை. அந்த முதல் சந்திப்பிலேயே இதை ஆலோசகர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பரீட்சை போல் நடத்தினால், தேறுவதற்கான பதிலைத்தான் சொல்வார்கள்.

என் கவலையெல்லாம் பிறகு வரும் காலத்தைப் பற்றித்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 8,800க்கும் மேற்பட்டவர்களை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவது பின்னர் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியிருந்தது. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். அப்படி வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் முன்பே மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டவர்கள். எடை இறங்குவது நின்று, "அதான் இளைத்துவிட்டாயே, இன்னும் என்ன?" என்று வீடு கேட்கும் காலம் அது. போதாததற்கு, இந்தச் சிகிச்சையில் ஒரு வகையான இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கு மது சட்டென்று ஏறும்; மனச்சோர்வு மாத்திரை உடலில் சேரும் அளவும் மாறக்கூடும்.

அக்காவுக்குக் கொடுத்த கட்டண விவரத்தில் புரதப் பவுடருக்குக்கூடத் தனியாகத் தொகை போட்டிருந்தது. மனநல ஆலோசனை என்று இருந்தது சிகிச்சைக்கு முந்தைய ஒரே ஒரு சந்திப்பு. உங்கள் வீட்டில் யாராவது போவதாக இருந்தால், இரண்டாம் ஆண்டில் யாரைப் பார்ப்பது என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.