அந்தக் கூடை யாருடையது?

நான் விமானியானதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் என் அம்மா தலையில் கொழுந்துக் கூடையை மாட்டி, என்னோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. "ஏன் தம்பி மூஞ்சிய அப்படி வச்சிருந்தே?" என்று இன்பாக்ஸில் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு ஆறு வருஷம். கடைசிக் காலத்தில் அவர் முதுகில் இருந்தது கூடைகூட இல்லை, நைலோன் பை. மேடையில் அவர் தலையில் மாட்டிவிட்ட கூடை புத்தம் புதுசு. விலை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் விமானி யூனிஃபோர்மோடு நான். "அம்மா, கொஞ்சம் குனிஞ்ச மாதிரி நில்லுங்க." குனிந்தார்.

பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எப்படிப் பாஸ் பண்ணினாய் என்று ஒருத்தராவது கேளுங்கள். "லயத்தில் பிறந்தவன் வானத்தில் பறக்கிறான்" என்று ஏழு பேர் பேசினார்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. முன்வரிசையில் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் பிள்ளைகள் கொப்பியும் பேனையுமாக வந்திருந்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு போக ஒரு வரி கிடைக்கவில்லை.

சரி, நானே சொல்கிறேன். ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை, செய்யுங்கள். காசைக் கட்டிப் படித்த பிறகு நிறப்பார்வையில் குறை என்று தெரிந்தால் அழத்தான் முடியும். வர்த்தக விமானி லைசன்ஸுக்கு 200 மணித்தியாலம் பறக்க வேண்டும். நான் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் பாதி முடித்திருந்தபோது 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360. நான் பறக்காத மணித்தியாலங்கள் நான் தூங்கும்போதே விலை ஏறின.

லைசன்ஸ் வந்ததும் வேலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நேர்முகத்துக்கு நான்கு மாதம் படித்தேன். காலநிலை அறிக்கையைப் பார்த்ததும் வாசிக்க வேண்டும். வி வன், அதாவது அதற்கு மேல் புறப்படுவதைக் கைவிட முடியாத வேகம், அதைத் தாண்டி எஞ்சின் நின்றால் ஏன் ஓடுபாதையில் நிறுத்தப் பார்க்கக்கூடாது என்று சொல்ல வேண்டும். பிறகு சிமியுலேட்டரில் அதையே செய்து காட்ட வேண்டும்.

தெரியாமல் கீழே இறங்கி மலையில் மோதிய விமான விபத்து ஒன்று சொல் என்றார்கள். நான் எங்கள் மலையகத்து ஏழு கன்னி மலையைச் சொன்னேன். 1974 டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டீசி-8 விமானம். 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, விமான நிலையம் கிட்டிவிட்டது என்று நினைத்துக் கீழே இறங்கினார்கள். தாத்தா அந்தச் சத்தத்தைக் கேட்டவர். சின்ன வயதில் எனக்கு அது பேய்க்கதை. நேர்முகத்தில் அது பாடமானது.

அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது. 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்கராவில் 72 பேர் இறந்தது நான் இப்போது ஓட்டும் அதே ரக விமானத்தில், ஏ.டி.ஆர். 72. இறக்கையின் ஃபிளாப்பை இறக்கும் லீவரைத் தொட வேண்டிய இடத்தில் புரொப்பெல்லர்களின் லீவர்களை நகர்த்திவிட்டார்கள், உந்துவிசை போய்விட்டது. "உன் பக்கத்தில் இருக்கும் மூத்த கெப்டன் தவறான லீவரில் கை வைத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். உடனே சத்தமாகச் சொல்வேன் என்றேன். சொல்வது சுலபம். தோட்டத்துத் துரை (மேலாளர்) வந்தால் ஓரமாக ஒதுங்கி நில் என்று வளர்த்த பிள்ளை நான். "சேர், அது தப்பு" என்று வாய் திறக்க நான் பழகியது வேறு எந்தப் பாடத்தையும்விடக் கஷ்டம்.

பழகினேன் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் அம்மா குனிந்தார். நான் வாய் திறக்கவில்லை.

இன்பாக்ஸில் வந்த மற்றவற்றுக்கும் பதில். "மரியாதை செய்ததற்கா கோபம்?" பொன்னாடைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு கிடைத்தது, குளிருக்கு ஆகும்.

"வந்த வழியை மறந்துட்டான்." எப்படி மறப்பது? அந்த ரோட்டை இன்னும் போடவே இல்லையே.

"கொழுந்து பறிப்பது உனக்குக் கேவலமா?" இதுதான் எரிகிறது. அம்மாவின் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) முழுசும் என் பறப்பு மணித்தியாலமாகப் போனது. பறித்த கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாட்களில் அவர் சாப்பிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது அவருடைய கூடையாக இருந்திருந்தால் நானே தூக்கிப் பிடித்திருப்பேன். விழா நடத்தியவர்களே, கடையில் வாங்கிய கூடையில் எங்கள் வீட்டுக் கஷ்டத்தைக் காட்டாதீர்கள். மலையகத் தமிழர் வந்து இருநூறு வருஷம் என்று 2023இல் "மலையகம் 200" பேனர் கட்டியவர்கள்தானே நீங்கள்? தோட்டப்புறத்தில் ஏ.எல். (உயர்தரம்) கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகள் எத்தனை என்று அந்த மேடையில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

போட்டோதான் வேண்டும் என்றால் வேறொன்று இருந்தது, யாரும் கேட்கவில்லை. டைப் ரேட்டிங், அதாவது இந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கு, படிக்கும்போது கொக்பிட் படத்தைப் பெரிதாக அச்சடித்து லயத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான் ஒரு ஸ்டூலில், அம்மா பக்கத்து ஸ்டூலில். இங்கிலிஷ் எழுத்து தெரியாத அம்மா, அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, விமானம் கிளம்பும்போது பக்கத்து விமானி சொல்வதை, "வி வன்... ரொட்டேட்... பொசிட்டிவ் ரேட்" என்பார். நான் "கியர் அப்" என்பேன். ஒருநாள் நான் மறந்துவிட்டேன். "டேய், சக்கரத்தத் தூக்கலியே" என்றார். என்னுடைய முதல் கெப்டன் அவர்தான்.

இப்போது மூன்று பேரோடு ஒரு வாடகை அறை. பயிற்றுவிக்கும் கெப்டனோடு பறக்கும் லைன் டிரெய்னிங் முடிந்துவிட்டது, புரொபேஷன் ஓடுகிறது. கம்பனியை விட்டுப் போகமாட்டேன் என்ற பொண்ட் இருக்கிறது, கடனும் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி நீங்கள் கற்பனை செய்திருப்பதை நானும் ஒருநாள் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அந்த ஓ.எல். பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. மெடிக்கல், செலவு, நேர்முகம் எதையும் கேளுங்கள். பதில் உடனே வராது. நாளைக்குக் காலை நான்கு மணியிலிருந்து ஸ்டான்ட்பை, கூப்பிட்டால் உடனே போக வேண்டும், போன் பக்கத்திலேயே படுக்கிறேன்.